மூன்றாவது வரி

அந்தக் கிளினிக்கில் கெட்ட செய்தி சொல்வது டாக்டரம்மாவின் வேலை, நல்ல செய்தி சொல்வது வாசல் மேசையில் உட்கார்ந்திருக்கிறவளின் வேலை. யார் வகுத்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, பதினோரு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கு ஏதாவது கோளாறு என்றால் டாக்டரம்மா நேரில் வரவழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, மெல்லச் சொல்வார். கோளாறு இல்லையென்றால் மேசைக்காரி போனை எடுத்து, "ஒண்ணுமில்லீங்க, நிம்மதியா இருங்க" என்று சொல்லிவிடுவாள். சொல்லிச் சொல்லியே அவளுக்கு 'நல்லவாக்கு' என்று பட்டப்பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயரை வீட்டுக்காரரே மறந்துவிட்டார் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ரத்தத்தைச் சோதிக்கும் ஆய்வகம் பாலத்துக்கு அந்தப் பக்கம். அங்கே இருக்கிற லேப்காரர் எந்த ரத்தத்தைப் பார்த்தும் பதற மாட்டார், கீபோர்டைப் பார்த்தால் மட்டும் பதறிவிடுவார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிப்பார், ஒரு வரி முடிவதற்குள் பக்கத்தில் வைத்த டீ ஆறிப்போகும். அதனால் பல வருஷத்துக்கு முன்னால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். எல்லாம் வரம்புக்குள் இருந்தால் மெயிலின் தலைப்பில் நோயாளியின் எண்ணை மட்டும் போட்டு, உள்ளே ஒன்றும் எழுதாமல் அனுப்பிவிடுவது. கோளாறு இருந்தால் மட்டும் எழுதுவது. முழு விவரமும் மாதக் கடைசியில் அச்சடித்துக் கட்டாக வந்து சேரும். டாக்டரம்மாவும் சரியென்றார், நல்லவாக்கும் சரியென்றாள். சோம்பேறித்தனத்துக்கு மூன்று பேர் தலையாட்டிவிட்டால் அதற்கு 'நடைமுறை' என்று பெயர் வந்துவிடுகிறது.

ஆக, அந்த மேசையில் வெற்று மெயில் வந்தால் நல்ல செய்தி. அதற்கென்றே தனி முகவரி, அதில் லேப்காரரின் மெயிலைத் தவிர வேறு எதுவும் வராது. நல்லவாக்கு காலையில் வந்ததும் மெயிலைத் திறப்பாள், எழுத்து இருப்பதை அச்சடித்து டாக்டரம்மாவின் மேசையில் வைப்பாள், வெறுமையாக இருப்பவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போடுவாள். கிளினிக் எண்ணைப் பார்த்ததுமே மறுமுனையில் சிரிப்பார்கள். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் வாயால் யாருக்கும் கெட்ட செய்தி சொன்னதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவளுக்கு ஒரே தலைவலி, மேசைக்கு அடியில் கிடந்த அந்தப் பழைய கம்ப்யூட்டர்தான். மெயில் பெட்டியைத் திறந்தால் ஒரு சக்கரம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். "இதுக்கு நான் பாலத்தைத் தாண்டிப் போய்க் கையிலேயே வாங்கிட்டு வந்துடுவேன்" என்று அவள் புலம்பாத நாளில்லை. அதே தெருவில், சாவி செய்கிற கடைக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர்காரர் இருந்தார். அவரை நச்சரித்து நச்சரித்து, கடைசியில் ஒன்பது நாளைக்கு முன்னால் வரவழைத்தாள். மனிதர் வாயில் பேனாவைக் கடித்துக்கொண்டு பத்து நிமிஷம் எதையோ தட்டினார். "இனிமே பறக்கும் பாருங்க மேடம்" என்றார்.

பறக்கத்தான் செய்தது. கண் மூடித் திறப்பதற்குள் அத்தனை மெயிலும் வரிசையாக வந்து நின்றன. அன்றிலிருந்து வந்ததெல்லாம் வெறுமை.

முன்பெல்லாம் எட்டில் ஒன்றாவது எழுத்தோடு வரும். இந்த ஒன்பது நாளில் ஒன்றுகூட வரவில்லை. அது ஏன் என்று ஒரு தடவையாவது யோசிக்க வேண்டாமா? மூன்றாம் நாள் டாக்டரம்மாவே கேட்டார்: "என்னம்மா, எனக்கு ஒண்ணும் வரலையா?"

"இல்ல டாக்டர். எல்லாம் வெறுமை. ஊரே திருந்திடுச்சு போல."

"அப்போ நான் கடையைச் சாத்திட்டுக் கிளம்ப வேண்டியதுதான்" என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போனார். படித்தவர், அனுபவம் உள்ளவர், அவரும் சிரித்துவிட்டுத்தான் போனார். நல்லது நடந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை.

அந்த வெற்று மெயில்களில் ஒன்று 274. அது நல்லவாக்கின் அண்ணன். கண்ணாடி வெட்டுகிறவர், ஜன்னலுக்கும் கடை முகப்புக்கும் கண்ணாடி அளந்து, வெட்டி, பொருத்துகிற தொழில். அஞ்சு வருஷத்துக்கு முன்னால் இதயத்தில் வால்வு மாற்றினார்கள். அந்த வால்வில் ரத்தம் கட்டிவிடக் கூடாது என்று தினமும் ஒரு மாத்திரை. மாத்திரை குறைந்தால் ரத்தம் உறையும், கூடினால் எங்கே வேண்டுமானாலும் கசியும். அதனால் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பரிசோதனை. எட்டு நாளைக்கு முன்னால் 274 வெறுமையாக வந்ததும் நல்லவாக்கு முதல் வேலையாக அண்ணனுக்குத்தான் போன் போட்டாள்.

"அண்ணே, ஒண்ணுமில்ல. அதே மாத்திரையைப் போடு."

"ஒண்ணுமில்லன்னு சொல்லத்தான் உனக்கு வேலை குடுத்து வச்சிருக்காங்களா பாப்பா?" என்றார் அண்ணன். நாற்பத்து மூன்று வயசிலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

நாலு நாளைக்கு முன்னால் மதிய நேரத்தில் அண்ணி வந்து நின்றாள். நாத்தனார், அண்ணி என்றால் நாலு பேர் எதிர்பார்க்கிற சண்டை இவர்களிடம் கிடையாது. மாறாக, அண்ணிக்கு நல்லவாக்கின் மேல் பயம் கலந்த ஒரு மரியாதை. கிளினிக்கில் வேலை, கம்ப்யூட்டரில் வேலை, டாக்டரோடு சரிக்குச் சரி பேச்சு. அவளுக்கு முன்னால் தனக்கு ஒன்றும் தெரியாது என்று அண்ணியே முடிவு கட்டிக்கொண்டிருந்தாள். நல்லவாக்கு அதை மறுத்ததில்லை. புகழ்ச்சி யாருக்குக் கசக்கும்?

"பல்லு விளக்கினா ரத்தமா வருதும்மா அவருக்கு" என்றாள் அண்ணி. "முழங்கைகிட்ட நீலமா கன்னிப்போயிருக்கு. எங்கேயும் இடிச்சுக்கலைங்கறார். அந்தப் பரிசோதனை முடிவை இன்னொரு தடவை பார்த்துச் சொல்லேன்."

"அண்ணன் பல்லு விளக்கற லட்சணம் தெரியாதா அண்ணி? இரும்புக்கு அரம் போடற மாதிரி தேய்ப்பாரு. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

"இருந்தாலும் மனசு கேக்கலை."

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க. இப்படி வாங்க." நல்லவாக்கு திரையை அண்ணியின் பக்கம் திருப்பினாள். 274-ஐத் தட்டினாள். மேலே எண், கீழே வெள்ளை. "பார்த்துக்குங்க. கோளாறு இருந்தா இந்த இடத்துல எழுதியிருக்கும். ஒரு புள்ளியாவது இருக்கா?"

அண்ணி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள். வெள்ளையை எவ்வளவு நேரம்தான் பார்க்க முடியும்? "நீ சொன்னா சரிதான்" என்று பெருமூச்சு விட்டாள். கிளம்பும்போது முகம் தெளிந்திருந்தது.

பத்தடி தூரத்தில், கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா சும்மாதான் உட்கார்ந்திருந்தார். 'ஒரு எட்டு உள்ளே போய்ச் சொல்லிட்டுப் போங்க அண்ணி' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அந்த ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை.

இன்றைக்குக் காலை பத்தரை மணிக்கு வந்த மெயிலில்தான் எல்லாக் குட்டும் உடைந்தது. தலைப்பில் எண்ணோடு ஒரு வாசகமும் இருந்தது: '318 திருத்தம். நேற்றைய மெயிலில் மூன்றாவது வரியை நீக்கிப் படிக்கவும்.' உள்ளே வழக்கம் போல வெறுமை.

நல்லவாக்கு முதலில் சிரித்தாள். லேப்காரருக்கு வயசாகிறது, வெற்று மெயிலுக்குத் திருத்தம் அனுப்புகிறார் என்று நினைத்தாள். நேற்று வந்த 318-ஐத் திறந்து பார்த்தாள். அதுவும் வெறுமை. மூன்றாவது வரியை நீக்க வேண்டுமென்றால் முதல் வரி எங்கே? இரண்டாவது வரி எங்கே? சிரிப்பு அப்படியே உதட்டில் நின்றுவிட்டது.

லேப்காரருக்குப் போன் போட்டாள்.

"318-க்கு நேத்து என்ன எழுதியிருந்தீங்க?"

"ஏன், வரலையா? நாலு வரி எழுதினேனே. மூணாவது வரியில ஒரு பூஜ்யம் கூடுதலா விழுந்துடுச்சு. இந்த விரலை வச்சுக்கிட்டு..."

"எனக்கு ஒரு வரிகூட வரல. இந்த ஒன்பது நாள்ல யார் யாருக்கு எழுதினீங்க?"

லேப்காரர் சொன்னார்: "ஏழெட்டுப் பேர் இருக்கும். அவசரமானது ரெண்டு மூணு. ஒண்ணைப் பத்திச் சொல்லப் போன்கூட போட்டுப் பார்த்தேம்மா. உங்க லைன் எப்பப் பார்த்தாலும் பிஸி. மெயில்ல விவரமா எழுதிட்டோமேன்னு விட்டுட்டேன்."

லைன் பிஸியாகத்தான் இருந்திருக்கும். நல்லவாக்கு ஊரெல்லாம் கூப்பிட்டு நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருந்தாளே.

"எந்த எண்ணு?"

"ஏட்டைப் பார்த்தாத்தான் தெரியும், அது மேல்மாடியில இருக்கு. எடுத்துட்டு வந்து கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார். அவர் மூட்டுவலிக்காரர், மாடி ஏறி இறங்கக் கால்மணி நேரம் ஆகும் என்பது நல்லவாக்குக்குத் தெரியும். கம்ப்யூட்டர்காரருக்கு அடுத்த போன் போட்டாள். அவள் குரலைக் கேட்டு மனிதர் மாடியிலிருந்து செருப்புகூட சரியாகப் போடாமல் ஓடிவந்தார்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தீங்களா மேடம்?"

"அதுகூடத் தெரியாமலா பதினோரு வருஷம் இதோட குப்பை கொட்டறேன்? பண்ணியாச்சு. பாருங்க."

அவர் உட்கார்ந்தார். ஒரு மெயிலைத் தனிச் சாளரத்தில் திறந்தார், வெறுமை. "சில சமயம் எழுத்தும் வெள்ளையா மாறிடும், வெள்ளையில வெள்ளை தெரியாது" என்று சொல்லி, மவுஸை அழுத்தி மேலிருந்து கீழே இழுத்தார். மறைந்திருந்தால் நீலப் பட்டையில் தெரிய வேண்டும். ஒன்றும் தெரியவில்லை. எழுத்தின் அளவைக் கூட்டினார், நிறத்தை மாற்றினார். நல்லவாக்கு அவர் தோளுக்குப் பின்னால் நின்று விரலைப் பிசைந்துகொண்டிருந்தாள். நாற்காலியில் இரண்டு நோயாளிகள் காத்திருந்தார்கள், அவர்களிடம் நிமிர்ந்து ஒரு வார்த்தை பேச அவளால் முடியவில்லை.

"சைஸைப் பார்ப்போம்" என்றார் கம்ப்யூட்டர்காரர். பட்டியலில் இன்னொரு பத்தியை வரவழைத்தார். ஒவ்வொரு மெயிலுக்கும் நேராக அதன் அளவு வந்து நின்றது. இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்பது, இரண்டு, எட்டு. "உள்ளே ஒண்ணுமில்லாததுக்கு ரெண்டு போதும் மேடம். இந்த ஒன்பது, எட்டுக்கெல்லாம் உள்ளே சரக்கு இருக்கு. இங்கே இறங்கல, அவ்வளவுதான்."

பெரியதெல்லாம் மேலே வருகிற மாதிரி வரிசையை மாற்றினார். ஐம்பத்தெட்டு மெயிலில் ஏழு மேலே வந்தன. நல்லவாக்கு எண்களைப் படித்தாள். 318. 291. 305. நாலாவதாக 274.

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அது எங்க அண்ணன்" என்றாள். சத்தம் வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

கம்ப்யூட்டர்காரர் திரையின் கீழ்விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வரிசையாக மஞ்சள் சீட்டுகள் ஒட்டியிருந்தன. மின்சாரம் பார்க்கிறவர், குழாய் பார்க்கிறவர், பஞ்சு கொண்டுவருகிறவர், மகளின் பள்ளிக்கூடம் என்று எல்லா எண்களும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டுமென்று நல்லவாக்கே ஒட்டிவைத்தவை. அவர் ஒவ்வொன்றாகப் பிய்த்தார். அடியில், திரையின் கடைசி வரியில், சின்ன எழுத்தில் நின்றது: 'தலைப்பு மட்டும் இறக்கப்பட்டது. முழுச் செய்தியையும் பெற இங்கே அழுத்தவும்.'

ஒன்பது நாளாக அந்த வரி அங்கேயேதான் நின்றிருக்கிறது. அண்ணியிடம் திரையைத் திருப்பிக் காட்டியபோதும் நின்றிருக்கிறது.

"நீங்கதான மேடம் மெதுவா இருக்கு, மெதுவா இருக்குன்னு..." என்று ஆரம்பித்தார் அவர். "தலைப்பை மட்டும் இறக்கச் சொல்லி ஒரு டிக் போட்டேன். வேணுங்கறதைத் திறந்து முழுசா இறக்கிக்குவீங்கன்னு நினைச்சேன்."

"என்கிட்ட சொன்னீங்களா?"

"கீழேதான் எழுதி வருமே..."

"வாயால சொன்னீங்களா? வாய்க்குள்ள பேனாவை வச்சுக்கிட்டு 'பறக்கும்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனீங்க!" அவள் கத்தினாள். பதினோரு வருஷத்தில் அந்த மேசையிலிருந்து யாரும் கேட்காத சத்தம். அடுத்த நொடியே, கத்துவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. சீட்டை ஒட்டியது யார்? அவர் அந்த வரியை அழுத்தினார்.

பழைய சக்கரம் திரும்பச் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது. பிறகு வெள்ளையில் எழுத்து வந்தது.

'274. ரத்தம் உறைய எடுக்கும் நேரம் வரம்பைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். மாத்திரையை இன்றே நிறுத்தவும். நோயாளியை உடனே நேரில் பார்க்கவும். தாமதிக்க வேண்டாம்.'

எட்டு நாள். எட்டு மாத்திரை. 'அதே மாத்திரையைப் போடு' என்று சொன்ன வாய் இதுதான்.

நல்லவாக்கு கதவைத் தட்டாமல் டாக்டரம்மாவின் அறைக்குள் போனாள். உள்ளே ஒரு நோயாளி சட்டையைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னதைக் கேட்டு டாக்டரம்மாவின் முகம் வெளிறியது. எழுந்து மேசைக்கு வந்து, நின்றபடியே ஏழு மெயிலையும் திறக்கச் சொல்லிப் படித்தார். ஒரு தடவை நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"நானும்தான் சிரிச்சுட்டுப் போனேன்" என்றார். பிறகு குரலை இறுக்கிக்கொண்டார். "மத்த ஆறு பேரை நான் பார்த்துக்கறேன். உன் அண்ணன் எங்க இருக்கார்னு பாரு. மாத்திரை போடக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, நேரா பெரிய ஆஸ்பத்திரி. நான் அங்கே சொல்லி வைக்கறேன். தலைவலி, மயக்கம், கை கால் மரமரப்பு ஏதாவது இருக்கான்னு முதல்ல கேளு."

அண்ணனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தது அண்ணி.

"அவர் போனை வீட்டுலயே வச்சுட்டுப் போயிட்டாரும்மா" என்றாள். கிளினிக் எண்ணைப் பார்த்துவிட்டு எடுத்தவளின் குரலிலேயே சிரிப்பு இருந்தது. "என்ன, மறுபடியும் ஒண்ணுமில்லன்னு சொல்லத்தானே?"

"அண்ணி, அண்ணன் எங்க?"

"கடைவீதிக்குப் பின்னால புதுசா துணிக்கடை கட்டறாங்களே, அங்கேதான். முகப்புக்குக் கண்ணாடி மாட்டற வேலை. காலையிலே கிளம்பவே மாட்டேன்னு ஒரே அடம். நேத்து ராத்திரியிலேர்ந்து தலைவலிங்கறார், கை சரியா பிடிக்கலைங்கறார். நான்தான் விரட்டி அனுப்பினேன். 'உங்க தங்கச்சி கம்ப்யூட்டரையே திருப்பிக் காட்டினா, ஒரு புள்ளிகூட இல்ல, சும்மா நடிக்காதீங்க'ன்னு." அண்ணி நிறுத்தினாள். "ஏன் பேச மாட்டேங்கற?"

"அண்ணி, அது தப்பு. எழுதியிருந்தது. எனக்குத் தெரியல. நீங்க நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. நான் அண்ணனைக் கூட்டிட்டு வரேன்."

மறுமுனையில் எதுவோ கீழே வைக்கப்படுகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர்காரர் ஸ்கூட்டரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. நல்லவாக்கு பின்னால் ஏறிக்கொண்டாள்.

"தப்பு என்மேலதான் மேடம். டிக் போட்டதை நான் சொல்லியிருக்கணும்."

"நான் கேட்டிருக்கணும். பேசாம ஓட்டுங்க."

"சர்வீஸுக்கு வந்தா யார்கிட்டயும் விளக்கமா சொல்றதில்ல. சொன்னாப் புரியாதுன்னு..."

"பேசாம ஓட்டுங்கன்னேன்."

அண்ணியிடம் அவளும் அதைத்தானே செய்தாள்? சொன்னால் புரியாது, காட்டினால் போதும் என்று. சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோதெல்லாம் அவள் குதித்து ஓடிவிடலாமா என்று பார்த்தாள். அவசரத்தில் அண்டாவுக்குள்ளேகூடக் கை போகாது என்பார்கள். அந்த ஏழு நிமிஷப் பாதையில் அன்றைக்குப் பார்த்து எல்லா விளக்கும் சிவப்பாக இருந்தது.

துணிக்கடையின் முகப்பில் சட்டங்கள் மட்டும் நின்றன. கண்ணாடிகள் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அண்ணன் ஏணியில் ஐந்தாவது படியில் நின்று, சட்டத்தை அளவு நாடாவால் அளந்துகொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அடேயப்பா! ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா பாப்பா?"

அவள் ஏணியின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. "இருக்குண்ணே" என்றாள். "இருக்கு. இறங்கு. மெதுவா இறங்கு."

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு படி இறங்கினார். வலது கையிலிருந்து அளவு நாடா நழுவி, கீழே விழுந்து உருண்டது. அவர் அந்தக் கையைத் தூக்கி, விரலை மடக்கப் பார்த்தார். யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"காலையிலேர்ந்து இது நாலாவது தடவை" என்றார். "நல்லவேளை, கண்ணாடி எதுவும் விழல."

பெரிய ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டியோடு தயாராக நின்றார்கள், டாக்டரம்மா சொல்லி வைத்திருந்தார். அண்ணனை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். அண்ணி வந்தபோது நல்லவாக்கு எழுந்து நின்றாள். அண்ணி அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலாம். ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். அவசரத்தில் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அண்ணி..."

"நாலு நாளைக்கு முன்னாடியே வந்தேனேம்மா" என்றாள் அண்ணி. அவ்வளவுதான் சொன்னாள்.

நடுவில் டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. ஆறு பேரையும் பிடித்துவிட்டார்களாம், ஒருவரை மட்டும் உடனே சேர்க்க வேண்டியிருந்ததாம், மற்றவர்கள் நாளைக்கு வருகிறார்களாம். லேப்காரர் ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகத் தட்டியிருக்காவிட்டால் இது எத்தனை நாள் ஓடியிருக்கும் என்று டாக்டரம்மா கேட்டார்.

சாயங்காலம் ஐந்து மணி சுமாருக்கு உள்ளிருந்து ஒரு டாக்டர் வந்தார். உயரமான மனிதர், கையில் கோப்பு. முகத்தில் ஒரு புன்னகையைப் பொருத்திக்கொண்டு வந்தார்.

"பயப்பட ஒண்ணுமில்லம்மா. நிம்மதியா இருங்க. நல்ல நேரத்துல கொண்டு வந்துட்டீங்க."

நல்லவாக்குக்கு உடம்பு சிலிர்த்தது. வார்த்தைக்கு வார்த்தை அவளுடைய வாசகம். அந்த இழுப்பு, கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்துகிற அந்தப் பக்குவம்கூட அப்படியே.

அண்ணி எழுந்தாள். "எழுதியிருக்கறதைக் காட்டுங்க" என்றாள்.

"அதெல்லாம் மருத்துவ விவரம்மா, உங்களுக்கு..."

"எழுதியிருக்கறதைக் காட்டுங்க."

டாக்டர் ஒரு நொடி தயங்கினார். கோப்பிலிருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தார். அண்ணி அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். பிறகு நல்லவாக்கிடம் நீட்டினாள்.

"நீ படி. ஒரு வரி விடாமப் படி."

நல்லவாக்கு தாளை வாங்கினாள்.

"தலைக்குள்ள இடதுபக்கம் சின்னதா ரத்தக்கசிவு இருக்கு" என்று படித்தாள். அண்ணி தலையை ஆட்டினாள். "கசிவு இப்போ நின்னுடுச்சு. உயிருக்கு ஆபத்து இல்ல." அண்ணியின் தோள் கொஞ்சம் இறங்கியது.

மூன்றாவது வரியில் நல்லவாக்கின் கண் நின்றது. அதைத் தாண்டிக் குதிக்க நாக்கு தானாகவே தயாராகிவிட்டது, பதினோரு வருஷப் பழக்கம். அண்ணிக்குக் கண்ணாடி இல்லை, தெரியப் போவதில்லை. இன்று ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கட்டுமே. நாளைக்கு டாக்டரே சொல்லிக்கொள்ளட்டுமே. கெட்ட செய்தி சொல்வது டாக்டர் வேலைதானே. அண்ணி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலது கையில பலம் குறைஞ்சிருக்கு" என்று படித்தாள் நல்லவாக்கு. நிறுத்தவில்லை. "முழுசா திரும்ப வருமான்னு இப்போ சொல்ல முடியாது."

கண்ணாடி வெட்டுகிற கை. அண்ணி கண்ணை மூடினாள்.

"அப்புறம்?" என்றாள் அண்ணி.

"அவ்வளவுதான் அண்ணி. கீழே கையெழுத்து இருக்கு. மத்தபடி வெறுமையா இருக்கு."

அண்ணி அவள் கையிலிருந்து தாளை வாங்கி, திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அதன் பின்பக்கத்தையும் பார்த்தாள்.